நடைக் கணக்கு

தரங்கம்பாடியில் பாறை கிடையாது.
தோண்டினால் மணல், அதன்கீழ் களி,
களிக்கும் கீழே இன்னும் பழைய மணல்.
காவிரி கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன நாடு.
அம்மிக்கல்கூட இங்கே
ஏதோ ஒரு வண்டியில் ஏறித்தான் வந்திருக்கும்.

எனக்குத் தெரியும்.
அலை வந்து போன மறுவருஷம்
நான் ஓட்டியது பத்துச் சக்கர வண்டி.
எங்கள் ஊர் நரிப்பாறைக் குவாரியிலிருந்து
நடைக்கு மூன்று கல், சின்னதாக இருந்தால் நான்கு.
எடைமேடையில் சீட்டு,
கும்பகோணம் தாண்டி ஒரு டீ,
விடியுமுன் கரையில் பின்னோக்கி நிறுத்தித்
தொட்டியைத் தூக்கினால்
கடல் ஒரு கணம் பேச்சை நிறுத்தும்.

இன்று மயிலாடுதுறையில் பஸ் மாறி வந்தோம்,
டிக்கெட் எடுத்து, குடும்பமாக.
லூர்துமேரி புளிசாதம் கட்டியிருந்தாள்.
கோட்டை வாசல் பலகையை
ஜெனிட்டா ஒரு வரி விடாமல் படித்தாள்:
டேனிஷ்காரர்கள், மிளகு, தஞ்சாவூர் நாயக்கர்,
நானூறு வருஷம்.
"செங்கல்தானேப்பா, எப்படி இன்னும் நிக்குது?"
எனக்குத் தெரிந்தது எடை மட்டும்.
சுண்ணாம்பு என்று சொல்லிவைத்தேன்.
நிலவறையில் வௌவால் நாற்றம்;
அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வடக்கே, கடல் தின்றது போக
மிச்சமிருக்கும் கோயில்.
அதன் முன்னால்
கருகருவென்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
பல் முளைத்த மாதிரி.
ஒரு சட்டைக்காரர் குடும்பத்தோடு நின்று
விளக்கிக்கொண்டிருந்தார்:
"லட்சக்கணக்கான வருஷமா
அலை அடிச்சு அடிச்சு
இயற்கையா இப்படி ஆயிருக்கு."
அவர் மகன் ஒரு கல்லின்மேல்
சிங்கம்போல் நின்று படம் எடுத்துக்கொண்டான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அந்தக் கல்லைப்
படுக்கப்போட்டது கிரேன்காரன் சவரிராயன்.
நிமிர்ந்தே கிடக்கட்டும் என்றான் மேஸ்திரி,
சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று
சவரி கேட்கவில்லை.

ஜெனிட்டா ஒரு பள்ளத்தில் விரலை ஓட்டினாள்.
நேர்கோடு, பாதிக் குழாய் மாதிரி.
"இது என்னப்பா?"
வெடி வைக்கப் போட்ட துளை.
இதில் பாதி.
மற்றப் பாதி?
இந்தக் குவியலில் எங்கேயாவது, தண்ணீருக்குள்.

நரிப்பாறை என்று ஊர்ப்பெயர் இருக்கிறது,
பாறை இல்லை.
ஆள் உயரம் முப்பது இறங்கும் பள்ளத்தில்
பச்சைத் தண்ணீர், சுற்றிலும் கம்பிவேலி.
அதை யாரும் டிக்கெட் எடுத்துப் பார்ப்பதில்லை.
சின்ன வயதில் நான் ஏறி
ரயிலைப் பார்த்த முகடு
இங்கே எந்தக் கல் என்று
தேடிப் பார்த்தேன், சும்மா.
எல்லாம் ஒரே கறுப்பு. உப்பு, பாசி,
இடுக்குக்கு ஒரு நண்டு.

கருங்கல்லுக்கு
இருநூறு கோடி வருஷமாம், டீச்சர் சொன்னாளாம்.
அப்படியானால் இந்தக் கரையிலேயே
மூத்தது நேற்று வந்ததுதான்.
கோட்டை இதற்குக் கொள்ளுப்பேரன்.
ஜெனிட்டா பலகை தேடினாள், கற்களுக்கு.
இல்லை.
காவலாளி விசில் ஊதினான்:
"ஏறாதீங்க, வழுக்கும்!"
தெரியும் என்றேன், இறங்காமல்.

புளிசாதத்தை அங்கேயே பிரித்தோம்.
வெயில் ஏறிய கல் கால்சட்டை வழியாகச் சுட்டது.
குவாரியிலும் இப்படித்தான் சுடும்,
பிற்பகல் மூன்று மணிக்கு.

திரும்பும் பஸ்ஸில் லூர்து கேட்டாள்,
"மொத்தம் எத்தனை நடை அடிச்சிருப்பே?"
நூற்றிப் பதினாறு.
"காசு எல்லாம் வந்துச்சா?"
பதினொரு நடைக்கு இன்னும் வரவில்லை.
அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.
"அப்ப முப்பத்தி மூணு கல்லு
நம்மளோடது" என்றாள்,
ஜன்னலைச் சாத்திக்கொண்டே.